நாஸ் கருவியில் வட்டு மாற்றுவதும் ரீசெட் செய்வதும்: முதன்முறையாகக் கைவைப்போருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டின் ஒரு மூலையில் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இயங்கிவந்த நாஸ் கருவி (கோப்புகளை ஹார்ட் டிஸ்க் வட்டுகளில் சேமித்து, வீட்டு வலையமைப்பு வழியே கணினிகளுக்குத் தரும் பெட்டி) ஒரு நாள் திடீரென்று பீப், பீப் என்று விடாமல் ஒலிக்கத் தொடங்கினால், அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். கருவியின் பின்புறம் உள்ள ரீசெட் பொத்தானைத் தேடி அழுத்துகிறார். அல்லது விளக்கின் நிறம் மாறிய வட்டை அந்த நிமிடமே வெளியே இழுக்கிறார். பழுதான வட்டை ரீசெட் குணப்படுத்தாது. மறந்துபோன கடவுச்சொல்லை வட்டைக் கழற்றி மீட்க முடியாது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான வெவ்வேறு மருந்துகள் என்பதை முதலில் மனதில் இருத்திக்கொண்டால், வீட்டுப் புகைப்படங்களும் ஆவணங்களும் தப்பிப்பதற்கான வாய்ப்பு மிகவும் கூடுகிறது.

இந்தக் கட்டுரை சினாலஜி நிறுவனத்தின் இரண்டு வட்டுகள் கொள்ளும் கருவிகளை, குறிப்பாக டிஎஸ்220 பிளஸ் போன்றவற்றையும் அவற்றில் இயங்கும் டிஎஸ்எம் 7 மென்பொருளையும் முன்வைத்து எழுதப்பட்டது. வேறு நிறுவனக் கருவிகளில் பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும். செய்ய வேண்டியவற்றின் வரிசையும் கொள்ள வேண்டிய கவனமும் பெரிதாக மாறுவதில்லை.

கருவிக்குள் என்ன நடக்கிறது

பல வட்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே சேமிப்பகமாகப் பயன்படுத்தும் ரெய்டு முறையை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் பல நிலைகளாக வகுத்துக் காட்டினார்கள். அதில் முதல் நிலை, ஒரு வட்டில் எழுதப்படும் அனைத்தையும் இன்னொரு வட்டிலும் அப்படியே எழுதுவதாகும். உங்கள் கருவியில் இரண்டு வட்டுகள் இருந்து, அவை ரெய்டு 1 என்றோ எஸ்எச்ஆர் என்றோ அமைக்கப்பட்டிருந்தால், நடப்பது இதுதான். எஸ்எச்ஆர் என்பது சினாலஜியின் சொந்த அமைப்பு. இரண்டே வட்டுகள் உள்ளபோது அதுவும் கண்ணாடிப் பிரதி போலவே வேலை செய்கிறது. ஒரு வட்டு செத்தாலும் மற்றொன்றில் எல்லாம் முழுமையாக இருக்கும். ஆனால் ரெய்டு 0, ஜேபிஓடி, பேசிக் என்ற அமைப்புகளில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எதைத் தொடுவதற்கு முன்பும், கணினியின் உலாவி வழியே டிஎஸ்எம்மில் நுழைந்து ஸ்டோரேஜ் மேனேஜரைத் திறந்து, உங்கள் ஸ்டோரேஜ் பூல், அதாவது வட்டுகளைச் சேர்த்து உருவாக்கிய சேமிப்பகம், எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் வட்டு மாற்றும் முறை ரெய்டு 1-க்கும் எஸ்எச்ஆருக்கும் மட்டுமே பொருந்தும்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். டிஎஸ்எம் மென்பொருள் தனியான ஒரு சிப்பில் மட்டும் குடியிருப்பதில்லை. ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலும் சிறு பகுதி ஒதுக்கப்பட்டு, அதில் மென்பொருள் பதியப்படுகிறது; மீதமுள்ள பெரும்பகுதியில்தான் உங்கள் கோப்புகள் இருக்கின்றன. ஒரே ஒரு நல்ல வட்டு இருந்தாலும் கருவி எழுந்து நிற்பது இதனால்தான். மென்பொருளை மறுபடி நிறுவினாலும் கோப்புகள் அழியாமல் இருக்க முடிவதும் இதனால்தான். பிற்பாடு ரீசெட் பற்றிப் பேசும்போது இதை மறக்காதீர்கள்.

பீப் ஒலி கேட்டதும்

முதலில் ஒலியை நிறுத்துங்கள். கன்ட்ரோல் பேனலில் ஹார்டுவேர் அண்ட் பவர் பகுதியில் அதற்கான பொத்தான் உண்டு. ஒலி நின்றால் பதற்றம் பாதியாகக் குறையும்; பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் இந்த வேலையில் பெரிய இழப்புகள் நேர்கின்றன.

பிறகு ஸ்டோரேஜ் மேனேஜரில் பூலின் நிலையைப் படியுங்கள். "டிகிரேடட்" என்று இருந்தால், ஒரு வட்டு விலகிவிட்டது, ஆனால் தரவு இன்னும் கைக்கெட்டும் நிலையில் இருக்கிறது என்று பொருள். "கிராஷ்டு" என்று இருந்தால் அது வேறு கதை: அங்கே வட்டு மாற்றுவதால் பயனில்லை. கருவி கேட்கும் எதற்கும் சம்மதிக்காமல், திறக்க முடிகிற கோப்புகளை எல்லாம் வேறொரு இடத்துக்குப் பிரதியெடுப்பதே முதல் வேலை. "வார்னிங்" அல்லது "கிரிட்டிகல்" என்பது வட்டின் பெயருக்கு எதிரே மட்டும் தெரிந்தால், அந்த வட்டு இன்னும் வேலை செய்கிறது, ஆனால் நம்பகத்தன்மையை இழந்துவிட்டது.

அந்த வட்டைத் தேர்ந்து ஹெல்த் இன்ஃபோ பகுதிக்குச் சென்றால், வட்டு தன்னைப் பற்றித் தானே பதிவுசெய்துகொண்ட ஸ்மார்ட் விவரங்கள் கிடைக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த அட்டவணை மிரட்சி தரலாம். நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். எண் 5 என்பது பழுதடைந்து மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின், அதாவது வட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், எண்ணிக்கை. எண் 197 படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. எண் 198 எந்த வகையிலும் திருத்த முடியாதவை. இந்த மூன்றிலும் மூல மதிப்பு பூஜ்யமாக இருப்பதே நல்லது. வாரத்துக்கு வாரம் அது ஏறிக்கொண்டே போனால் அந்த வட்டின் காலம் முடிந்தது. நான்காவது, எண் 199. அது வட்டின் நோயைக் காட்டுவதைவிட, வட்டுக்கும் கருவிக்கும் இடையிலான இணைப்பில் உள்ள கோளாறையே பெரும்பாலும் காட்டும். இந்த எண் மட்டும் உயர்ந்திருந்தால், புது வட்டு வாங்குவதற்கு முன், கருவியை முறைப்படி அணைத்துவிட்டு வட்டைக் கழற்றிச் சரியாக அழுத்திப் பொருத்திப் பாருங்கள்.

வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை எண் 9 சொல்லும். ஓர் ஆண்டு என்பது 8,760 மணி நேரம். ஐந்து ஆண்டுகளாக, அதாவது சுமார் 44,000 மணி நேரம் ஓய்வின்றி ஓடிய வட்டு ஒன்று பழுதானால், அதே நாளில் வாங்கி அதே பெட்டிக்குள் அதே வெப்பத்தில் ஓடிய அதன் இணையின் நிலையையும் சந்தேகிக்க வேண்டும். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கைவைப்பதற்கு முன் ஒரு பிரதி

புது வட்டைப் பொருத்திய பின், மீதமுள்ள வட்டில் இருப்பதை அதில் எழுதும் புனரமைப்பின்போது, மீதமுள்ள வட்டின் எல்லா மூலைமுடுக்குகளும் படிக்கப்படுகின்றன. அந்த வட்டில் நெடுங்காலமாக யாரும் தொடாத ஒரு கோப்புக்கு அடியில் மறைந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படும். கண்ணாடிப் பிரதி இருக்கிறதே என்று காப்புப் பிரதி எடுக்காமல் இருந்தவர்களுக்கு இடி விழுவது அந்த நேரத்தில்தான். ரெய்டு என்பது ஒரு வட்டு செத்தாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு வட்டுகளிலும் அது ஒரே நொடியில் அழிகிறது. வைரஸ் ஒன்று கோப்புகளைப் பூட்டிவைத்தால் இரண்டிலும் பூட்டப்படுகிறது.

ஆகவே பழுதான வட்டைத் தொடுவதற்கு முன், யூஎஸ்பி வழியாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, ஹைப்பர் பேக்கப் செயலியைக் கொண்டோ அல்லது ஃபைல் ஸ்டேஷனில் கோப்புறைகளை நேரடியாகப் பிரதியெடுத்தோ, இழக்கவே முடியாதவற்றையாவது வெளியே எடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இடம் போதாவிட்டால் புகைப்படங்கள், குடும்பக் காணொளிகள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன்கள், கணக்குகள் என்று வரிசைப்படுத்துங்கள். திரைப்படங்களை மறுபடி தேடிக்கொள்ளலாம். பிரதி எடுத்த பின், அந்த வெளி வட்டை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்துவிடுவது நல்லது. திறந்து பார்க்கப்படாத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் வைப்பதில்லை.

கூடவே கன்ட்ரோல் பேனலின் அப்டேட் அண்ட் ரீஸ்டோர் பகுதியில், கான்ஃபிகரேஷன் பேக்கப் என்பதன் மூலம் கருவியின் அமைப்புகளை ஒரு சிறிய கோப்பாக உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். பயனர்கள், குழுக்கள், பகிர்வுக் கோப்புறைகளுக்கான அனுமதிகள் போன்றவை அதில் அடங்கும். உங்கள் கோப்புகள் அதில் இருக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோப்புறைகளை மறையாக்கம் செய்து வைத்திருந்தால் அவற்றின் சாவியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் ரீசெட் செய்தால் அந்தக் கோப்புறைகளை மறுபடி திறக்க எந்த வழியும் இல்லை.

புது வட்டை வாங்கும்போது

அளவு குறையக் கூடாது என்பது முதல் விதி. 4 டிபி வட்டுக்கு மாற்றாக 4 டிபி அல்லது அதற்கு மேல்தான் வாங்க வேண்டும். வட்டின் மேல் 4 டிபி என்று அச்சிட்டிருக்க, கருவி 3.6 என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், கருவி 1,024-இன் மடங்காக எண்ணுகிறது, வேறுபாடு அவ்வளவே.

இரண்டாவது, வட்டில் தரவு எழுதப்படும் முறை. சிஎம்ஆர் என்ற வழக்கமான முறையில் தடங்கள் ஒன்றன்பக்கம் ஒன்றாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் முறையில், கூரை ஓடுகளை அடுக்குவதுபோல் ஒரு தடம் அடுத்ததன் மேல் சற்றே ஏறி நிற்கும். இதனால் குறைந்த இடத்தில் அதிகம் எழுதலாம். ஆனால் ஒரு தடத்தைத் திருத்த அதன்மேல் படிந்த பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டியிருப்பதால், தொடர்ச்சியாகப் பல மணி நேரம் எழுதும் ரெய்டு புனரமைப்பில் இவை மிகவும் திணறுகின்றன. 2020 ஏப்ரலில், நாஸ் கருவிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வட்டுகளில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் வகை என்பது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. அதன்பின் அந்த நிறுவனம் ரெட், ரெட் பிளஸ், ரெட் புரோ என்று பெயர்களைப் பிரித்தது. பிளஸ், புரோ ஆகிய இரண்டும் சிஎம்ஆர். சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசையும் சிஎம்ஆர்தான். கடைக்காரரிடம் "நாஸ் வட்டு கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு போய், சிஎம்ஆரா என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். சினாலஜியின் தளத்தில் உங்கள் கருவிக்கான பொருத்தப் பட்டியலிலும் அந்த மாதிரி உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். குறிப்பாக 2025-இல் வந்த பிளஸ் கருவிகளில் எந்த வட்டை ஏற்பது என்ற விதி இடையில் மாறியிருப்பதால், டிஎஸ்எம் பதிப்பையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும்.

எந்த வட்டு?

சில ஆண்டுகளுக்கு முன் நெருங்கிய உறவினர் ஒருவரின் வீட்டில் இரண்டாம் வட்டு பழுது என்று கருவி காட்டியது. அவர் வலப்பக்கத்திலிருந்து எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வட்டை இழுத்துவிட்டார். பெட்டிக்குள் தனித்து நின்ற பழுதான வட்டால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. சில நிமிடங்களில் பூல் "கிராஷ்டு" என்று ஆனது. வெளி வட்டு ஒன்றில் பழைய பிரதி இருந்ததால் பெரும்பாலானவை திரும்பக் கிடைத்தன. கடைசி நான்கு மாதப் படங்கள் கிடைக்கவில்லை. அவற்றில்தான் அவருடைய தாயாரின் கடைசிப் பிறந்தநாள் இருந்தது. அன்று முதல், தொடர் எண்ணைப் படிக்காமல் எந்த வட்டையும் நான் இழுப்பதில்லை.

ஸ்டோரேஜ் மேனேஜரில் எச்டிடி பகுதியில் ஒவ்வொரு வட்டுக்கும் எதிரே அதன் தொடர் எண் இருக்கும். பழுதான வட்டின் தொடர் எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். நல்ல வட்டின் எண்ணையும் அடுத்த வரியில் எழுதுங்கள். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே எண் அச்சிடப்பட்டிருக்கும்.

அடுத்து, அதே பகுதியில் பழுதான வட்டைத் தேர்ந்து, ஆக்ஷன் பட்டியலில் "டீஆக்டிவேட்" என்பதைக் கொடுங்கள். வட்டு ஏற்கெனவே தானாக விலகியிருந்தால் இது தேவைப்படாது. செயலிழக்கச் செய்த பின் பூல் "டிகிரேடட்" ஆகும். பீப் ஒலி மீண்டும் எழும். முன்புறத்தில் அந்த வட்டுக்கான விளக்கும் மாறும். எந்த விளக்கு மாறியது என்பதே எந்தத் தட்டை (வட்டைத் தாங்கி உள்ளே செல்லும் ட்ரேயை) இழுக்க வேண்டும் என்பதற்கான முதல் சான்று. இந்த நிலையிலும் உங்கள் கோப்புகள் வழக்கம்போல் திறக்கின்றனவா என்று கணினியிலிருந்து ஒருமுறை பாருங்கள். திறந்தால், மீதமுள்ள வட்டு தனித்து நின்று சுமையைத் தாங்குகிறது என்று உறுதியாகும்.

பிளஸ் வகைக் கருவிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வட்டை மாற்றலாம். "ஜே" என்ற எழுத்தில் முடியும் எளிய மாதிரிகள் பலவற்றில் வெளிக்கூட்டைத் திறந்துதான் வட்டை எடுக்க முடியும். அவற்றைக் கட்டாயம் முறைப்படி அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். எந்த மாதிரி என்று ஐயம் இருந்தால் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அதனால் ஒரு குறையும் இல்லை.

வட்டைத் தொடுவதற்கு முன் ஏதாவதொரு உலோகப் பொருளைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னேற்றத்தை இறக்கிவிடுங்கள். தட்டை முதலில் ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து, அரை நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழன்றுகொண்டிருந்த வட்டின் தகடுகள் ஓய்வதற்கு அந்த நேரம் வேண்டும். சுழலும் வட்டைத் திருப்புவது அதற்குக் கேடு. பிறகு முழுவதும் வெளியே எடுத்து, தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் பொருந்தாவிட்டால் அதற்கு மேல் எதையும் செய்யாதீர்கள். கருவியை உடனே முறைப்படி அணைத்து, எடுத்த வட்டை அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு எண்களையும் நிதானமாகச் சரிபார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

எண் பொருந்தினால் மீதி எளிது. தட்டின் இரு பக்கங்களிலும் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றி, பழைய வட்டை எடுத்துவிட்டு, இணைப்பு முனை பின்பக்கம் பார்க்குமாறு புது வட்டை வைத்து, பட்டைகளை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். சிறிய 2.5 அங்குல வட்டு என்றால் மட்டும் திருகாணிகள் வேண்டும். தட்டை நேராக உள்ளே தள்ளி, முடியும் இடத்தில் உறுதியாக அழுத்துங்கள். கோணலாக நுழைத்தால் பின்னால் உள்ள இணைப்பு கெட்டுவிடும்.

புனரமைப்பு நடக்கும் மணிநேரங்கள்

புது வட்டைக் கருவி கண்டுகொண்டதும் ஸ்டோரேஜ் மேனேஜரில் அந்தப் பூலுக்கு எதிரே உள்ள பட்டியலில் "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்து, புது வட்டைக் குறியிட்டுத் தொடருங்கள். புது வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வரும். அது குறிப்பிடும் எண் புது வட்டுக்குரியதுதானா என்று பார்த்த பின் சம்மதியுங்கள். வேறு கணினியில் பயன்படுத்திய வட்டைக் கொண்டுவந்திருந்தால் அதில் இருந்தவை போய்விடும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒரு வட்டு இடைவிடாமல் எழுதினால் 4 டிபி நிரம்ப ஏறக்குறைய ஏழரை மணி நேரம். 8 டிபி என்றால் பதினைந்து மணி நேரம். கணக்குக்கு வரும் இந்த நேரம் நடைமுறையில் இன்னும் கூடும். நடுவில் யாராவது படம் பார்த்துக்கொண்டோ கோப்புகளை ஏற்றிக்கொண்டோ இருந்தால் மேலும் நீளும். கருவியைப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால் இந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு முழுமையான வட்டு என்பதால், அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே நல்லது. மாலையில் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்பதுண்டு. மின்சாரம் திரும்பிய பின் புனரமைப்பு தொடரும் என்றாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுபடுவது கோப்பு முறைமைக்கு நல்லதல்ல. யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கம்பியைக் கருவியில் செருகி, கன்ட்ரோல் பேனலில் யூபிஎஸ் ஆதரவை இயக்கிவிட்டால், பேட்டரி தீரும் முன் கருவி தானே எழுதுவதை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் இருப்பவர்கள், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் கருவி அணைந்து எழுகிறதா என்பதை முன்கூட்டியே கவனித்து வைத்திருக்க வேண்டும்.

பூலின் நிலை "ஹெல்த்தி" என்று மாறினால் வேலை முடிந்தது. பூலுக்குள் கோப்புகள் இருக்கும் பகுதியான வால்யூம் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் அமைந்தது என்றால், ஸ்டோரேஜ் மேனேஜரில் டேட்டா ஸ்க்ரப்பிங் என்ற பரிசோதனையையும் ஒருமுறை ஓடவிடுங்கள். செக்சம் (கோப்பு கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இயக்கப்பட்டிருக்கும் கோப்புறைகளில் ஒவ்வொரு கோப்பையும் படித்து, ஒரு வட்டில் கெட்டிருந்தால் மற்றொன்றிலிருந்து அது திருத்திக்கொள்ளும்.

வட்டு எதுவும் பழுதாகவில்லை, இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் மாற்றுபவர்களும் இதே வழியில்தான் செல்ல வேண்டும், இரண்டு முறை. முதல் வட்டை மாற்றி, புனரமைப்பு முழுவதும் முடிந்து "ஹெல்த்தி" என்று வந்த பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். ஒரு பெரிய வட்டும் ஒரு சிறிய வட்டும் இருக்கும் நிலையில் இடம் கூடவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கண்ணாடிப் பிரதியின் கொள்ளளவு சிறிய வட்டின் அளவைத் தாண்ட முடியாது. இரண்டாவதையும் மாற்றிய பின்தான் கூடுதல் இடம் திறக்கும். இரண்டு வட்டுகளையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டுப் புதியவை இரண்டைச் செருகினால், கருவி அதை வெறும் பெட்டியாகவே பார்த்து, முதலிலிருந்து நிறுவச் சொல்லும். இயன்றால் இரண்டு புது வட்டுகளையும் வெவ்வேறு கடைகளிலோ சில வார இடைவெளியிலோ வாங்குங்கள். ஒரே தொகுப்பில் வந்தவற்றுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு.

ரீசெட்: ஒரே பெயரில் மூன்று காரியங்கள்

பிறர் பயன்படுத்திய கருவி கைக்கு வந்திருக்கலாம், கடவுச்சொல் மறந்திருக்கலாம், வலையமைப்பில் ஏதோ மாற்றியதில் கருவி கண்ணிலிருந்தே மறைந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் "ரீசெட் பண்ணு" என்றே சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் கோப்புகளை அழிக்கும்.

முதலாவது மென்மையான ரீசெட். கருவி முழுமையாக இயங்கிக்கொண்டிருக்கும்போது, பின்புறம் உள்ள சிறு துளைக்குள் ஊக்கு முனையால் ரீசெட் பொத்தானை ஏறக்குறைய நான்கு நொடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் கேட்டதும் உடனே விட்டுவிடுங்கள். அட்மின் என்ற இயல்பான கணக்கு மீண்டும் உயிர்பெறும். உள்நுழைந்ததும் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம். நிலையான ஐபி முகவரி வைத்திருந்தால் அது போய், ரூட்டர் தரும் முகவரியைக் கருவி எடுத்துக்கொள்ளும். உலாவியில் கருவியைத் திறக்கும் போர்ட் எண்களும் 5000, 5001 என்ற பழைய நிலைக்குத் திரும்பும். உங்கள் கோப்புகளும் பிற பயனர் கணக்குகளும் அப்படியே இருக்கும். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு இதுவே போதும். இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே நுழைந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேறு பெயரில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கு ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது என்று பார்த்தபின், இந்த அட்மின் கணக்கை மறுபடி முடக்கிவிடுங்கள். 2019 ஜூலையில், இணையத்துக்குத் திறந்திருந்த நாஸ் கருவிகளின் அட்மின் கணக்குக்குக் கடவுச்சொற்களை வரிசையாக ஊகித்து நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல் நடந்து, சினாலஜியே எச்சரிக்கை வெளியிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பயனர் பெயரைத் திறந்து வைப்பது, பூட்டின் பாதி சாவியைத் தெருவில் போட்டு வைப்பதற்கு ஒப்பு. ஃபயர்வாலும், தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடுபவரைத் தடுக்கும் ஆட்டோ பிளாக்கும் இயங்குகின்றனவா என்று அப்போதே சரிபாருங்கள்.

இரண்டாவது, மென்பொருளை மறுபடி நிறுவும் ரீசெட். டிஎஸ்எம் எழவே மறுக்கும்போதும் அமைப்புகள் முற்றிலும் குழம்பிவிட்டபோதும் மட்டும் இதைச் செய்யலாம். முன்போலவே நான்கு நொடி அழுத்தி, ஒரு பீப் கேட்டதும் விடுங்கள். பத்து நொடிகளுக்குள் மறுபடி நான்கு நொடி அழுத்துங்கள். இந்த முறை மூன்று பீப் ஒலிகள் வரும். கருவி மறுபடி தொடங்கி, ஸ்டேட்டஸ் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். அதன் பிறகு, அதே வலையமைப்பில் உள்ள கணினியின் உலாவியில் ஃபைண்ட் டாட் சினாலஜி டாட் காம் என்ற முகவரிக்குச் சென்றால் கருவி தென்படும். தென்படாவிட்டால் ரூட்டரின் பட்டியலில் கருவியின் ஐபி முகவரியைத் தேடி, அதன் பின்னால் முக்காற்புள்ளியும் 5000 என்ற எண்ணும் சேர்த்துத் திறந்து பாருங்கள்.

நிறுவும் வழிகாட்டி திரையில் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். முன்னே சொன்னபடி, மென்பொருள் வட்டின் தனிப்பகுதியில் இருப்பதால், இந்த நிறுவலில் உங்கள் கோப்புகள் தொடப்படுவதில்லை. பயனர்களும் அமைப்புகளும்தான் போகும். ஆனால் "வட்டுகளில் உள்ள எல்லாத் தரவும் அழிக்கப்படும்" என்ற பொருளில் ஒரு வரி தென்பட்டால், கருவிக்கு உங்கள் பழைய வட்டுகளை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அங்கே சம்மதிக்காதீர்கள். கருவியை அணைத்து, இரண்டு வட்டுகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, தவறுதலாக வேறு வட்டு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வாருங்கள். நிறுவல் முடிந்ததும், முன்பு கணினியில் இறக்கி வைத்த அமைப்புக் கோப்பை அதே அப்டேட் அண்ட் ரீஸ்டோர் பகுதியில் ஏற்றினால் பயனர்களும் அனுமதிகளும் திரும்பிவிடும். செயலிகளை ஒவ்வொன்றாக மறுபடி நிறுவவோ சரிசெய்யவோ வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

மூன்றாவதுதான் முழு அழிப்பு. இதற்குப் பொத்தான் கிடையாது. கன்ட்ரோல் பேனலின் அப்டேட் அண்ட் ரீஸ்டோர் பகுதிக்குள் சென்று, எல்லாத் தரவையும் அழிக்கும் தெரிவைக் கொடுத்து, கடவுச்சொல்லையும் இட்டுத்தான் செய்ய முடியும். கருவியை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் மட்டுமே இதற்கு வேலை. ஒரு வட்டு பழுதாகிப் பூல் "டிகிரேடட்" நிலையில் இருக்கும்போது இந்த மூன்றில் எதையுமே செய்யாதீர்கள்; முதலில் வட்டை மாற்றி, பூலை நலமாக்கிவிட்டு, அதன் பின்னும் தேவையென்றால் ரீசெட் பக்கம் வாருங்கள்.

கழற்றிய வட்டு

கண்ணாடிப் பிரதியிலிருந்து கழற்றிய ஒவ்வொரு வட்டும், பழுதானதாகவே இருந்தாலும், உங்கள் வீட்டின் முழு ஆவணங்களையும் தாங்கிய ஒன்று. அதைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடக் கூடாது. புனரமைப்பு முடிந்து, சில வாரங்கள் சிக்கலின்றி ஓடிய பிறகே அதை அழிக்க நினைக்க வேண்டும். அதுவரை தேதியும் "பழையது, செருக வேண்டாம்" என்ற குறிப்பும் எழுதி ஒட்டி, நல்ல வட்டுகளிடமிருந்து தள்ளி வையுங்கள். இன்னும் சுழலும் வட்டு என்றால் கணினியில் இணைத்து முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பலாம். சுழலவே சுழலாத வட்டு என்றால், கூட்டைத் திறந்து உள்ளிருக்கும் பளபளப்பான தகடுகளைக் கீறிச் சிதைக்கலாம்; சில வட்டுகளில் அவை கண்ணாடியால் ஆனவை என்பதால் கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் கட்டாயம் வேண்டும். உத்தரவாதக் காலம் மீதமிருந்து, மாற்று வட்டுக்காகத் திருப்பி அனுப்ப நினைத்தால், உள்ளே இருப்பவை எப்படிப்பட்டவை என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அழிக்க முடியாத நிலையில் உள்ள வட்டில் பத்திரங்களும் வங்கிக் கணக்குகளும் இருந்தால், புதிய வட்டுக்கான பணத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று அதை நானே வைத்துக்கொள்வேன்.

மாற்றிய நாள், புது வட்டின் தொடர் எண், அது எந்தத் தட்டில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.